சத்தக்காவல்

உக்காருங்க தம்பி. பையை மடியில வச்சுக்கிடுங்க, மேல வச்சா உருண்டுரும். உள்ள பைனாகுலர்தானே? காலையில நீங்க தண்ணி வழியிற கலுங்குப் பக்கம் நின்னதைப் பாத்தேன். அம்புட்டுத் தூரத்துல இருந்து எங்க கொக்கனேந்தல் கம்மாயைப் பாக்க வந்திருக்கீக, கண்ணுல ஒரு இறகு பட்டிருக்காதே. என்னது? ரெண்டு நாமக்கோழியா? அது எருமை குளிக்கிற குட்டையிலயும் நிக்கும் தம்பி. அதையெல்லாம் எங்க கணக்குல சேக்காதீக.

நான் மெதுவாத்தான் பேசுவேன், பழகிப்போச்சு. இந்த பஸ் இரைச்சல்ல கேக்கலைன்னா கையைக் காட்டுங்க, இன்னொருக்காச் சொல்றேன்.

மழை இல்லையான்னு கேக்குறீக. மழைக்கு என்ன, கம்மா நெறஞ்சுதான் கெடக்கு. மரம் இருக்கு, மீன் இருக்கு, எல்லாம் இருக்கு. பறவை வராததுக்குக் காரணம் ஒரு பொம்பளை. ஒரே ஒருத்தி. அவ போட்ட ஒரே ஒரு கூப்பாடு. சட்டுனு சொன்னா நம்ப மாட்டீக, படிச்சவுக. அதான் மொதல்ல இருந்து சொல்றேன். டவுன் வர்றதுக்குத்தான் நேரம் கெடக்கே.

என் பேரு மலைமேகு. ஊருக்குச் சத்தக்காவல். அப்படி ஒரு வேலையான்னு சிரிக்காதீக. ஐப்பசியில மொத நாரை வந்து எறங்குன நாள்ல இருந்து பங்குனியில கடைசிக் குஞ்சு பறந்து போற வரைக்கும் எங்க ஊர்ல சத்தம் கூடாது. வெடி கூடாது, மேளம் கூடாது, ரேடியோ செட்டு கூடாது. கோயில் மணி நாக்குல துணியைச் சுத்திருவோம். குக்கருக்கு விசில் போடக் கூடாது. விசில் இல்லாம குக்கர் என்னத்துக்குன்னு கேப்பீக. எங்க ஊர்ல அது வெறும் சட்டிதான். கைப்புள்ள அழுதா உள்வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி கதவைச் சாத்தணும். இந்த டிரைவரே எங்க எல்லைக்குள்ள ஹாரன்ல கை வைக்க மாட்டாரு, கேட்டுப் பாருங்க.

ஒருத்தரை ஒருத்தர் கூப்புடணும்னா துண்டுதான். தலைக்கு மேல துண்டை ஆட்டுனா வான்னு அர்த்தம், ஆபத்துன்னு அர்த்தம். யாரும் செத்துட்டா வாசல்ல வேப்பங்கொத்துச் செருகுவோம். அதைப் பாத்து ஊரு வந்துரும். அழுகை? அழலாம், வாயை மூடிக்கிட்டு அழலாம். எங்கம்மா போனது ஒரு தை மாசம். வாய்விட்டு ஒருத்தரும் அழலை. பங்குனி கழிஞ்சு, பறவையெல்லாம் போனப்புறம், ஒரு நாள் குறிச்சு சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு, வட்டமா உக்காந்து அழுதோம். எனக்கு அன்னிக்கு அழுகையே வரலை. ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, அழுதேன்.

இந்த முறை இன்னிக்கு நேத்து வந்ததில்லை தம்பி. எங்களுது ஜமீன் வேட்டைக் கம்மா. அந்தக் காலத்துல மார்கழி பொறந்தா துரைமாரு வருவாக, தாரா வாத்தைச் சுட. அவுகளுக்காகவே ஜமீன் கம்மாயைப் பேணிப் பேணி வச்சிருந்தாரு. உள்ள திட்டுப் போட்டு கருவேலம் வச்சது அவருதான். வேட்டை முடியிற வரைக்கும் மடையைத் தொறக்க விட மாட்டாரு. வயக்காடு காஞ்சாலும் சரி, பறவைக்குத் தண்ணி வேணும். அவ்வளவு பிரியம். சத்தம் கேட்டா தாரா எந்திரிச்சுப் போயிரும், அப்புறம் துரை எதைச் சுடுவாரு? அதனால ஊரே வாயைக் கட்டிக்கிட்டு இருக்கணும். அதுக்குக் காவலா ஜமீன் எங்க தாத்தாவைப் போட்டாரு. தாத்தா கரை மேல புளிய விளாரை வச்சுக்கிட்டு நடந்தா, ஊர்ல சட்டியில கரண்டி படுற சத்தம் கேக்காதாம். அந்த அமைதியை நம்பி ஆயிரக்கணக்குல வந்து எறங்கும். வேட்டை நாள்ல வண்டி வண்டியா அள்ளிக்கிட்டுப் போவாகளாம். அந்த மாதிரிக் காலம் இனி வருமா?

அப்புறம் ஜமீன் போச்சு, துப்பாக்கி போச்சு, சர்க்கார் வந்து சரணாலயம்னு போர்டு வச்சுச்சு. சத்தக்காவல் மட்டும் போகலை. தாத்தாவுக்குப் பின்னால அப்பா, அப்பாவுக்குப் பின்னால நான். சர்க்காரே எனக்குக் காக்கிச் சட்டை குடுத்திருக்கு, இந்தா போட்டிருக்கேன்ல. வெளியூர்ல இருந்து வர்றவுக எல்லாம் "பறவை மேல இந்த ஊருக்கு எம்புட்டுப் பாசம்"னு எழுதுறாக. எழுதட்டும். உண்மைதானே.

கேக்குதா தம்பி?

மீறுனா என்னன்னு கேக்குறீக. விளாரெல்லாம் இப்பக் கெடையாது. நான் யார் மேலயும் கை வச்சதில்லை. வாய்க்கட்டுத்தான். அய்யனார் கோயில்ல, விடிஞ்சதுல இருந்து விளக்கு வைக்கிற வரைக்கும், வாயில துணியைக் கட்டி உக்கார வச்சிருவோம். போறவுக வர்றவுக பாப்பாக. அவ்வளவுதான். அடியில்லை, வசவில்லை.

சரி, அந்தப் பொம்பளைக்கு வர்றேன். அவ பேரு செல்வக்கனி. எங்க அண்ணன் மகன் சாத்தையாவுக்குக் கட்டுன பொண்ணு. வேம்பாருப் பக்கம், கடக்கரை. அந்தப் பக்கத்து ஆளுகளுக்குப் பேச்சே கூப்பாடுதான். அலைக்கு மேல கத்திக் கத்திப் பழகுனவுக. பொண்ணு பாக்கப் போனப்பவே நான் சொன்னேன், "ஏலம் விடுற மாதிரிப் பேசுது அண்ணே, நம்ம ஊருக்குத் தாங்காது"ன்னு. சாத்தையா கேக்கலை. அவனுக்கு அந்தக் கொரல்தான் புடிச்சிருந்துச்சாம். சிரிச்சா நாலு வீடு தள்ளிக் கேக்கும்.

வந்த மொத வருசம், கார்த்திகை மாசம். மீன்காரன் சைக்கிள்ல தெருவைத் தாண்டிப் போயிட்டான். இவ வாசல்ல நின்னு கூப்புட்டா பாருங்க, "ஏ மீனு!"ன்னு. கரையோரத்து மரத்துல இருந்த நாரை அம்புட்டும் எந்திரிச்சிருச்சு. மீன்காரன் வெளியூர்க்காரன், பாவம், பயந்து சைக்கிளோட வாய்க்கால்ல விழுந்தான்.

சொந்தம்னு நான் விட்டுருவேன்னு ஊரு நெனச்சுச்சு. விடலையே. நானே கட்டுனேன். வெள்ளைத் துணி, தொவச்ச துணிதான். சாத்தையா பக்கத்துல நின்னுக்கிட்டு, "சித்தப்பா, இறுக்கிக் கட்டாதீக, புதுசு, தெரியாமப் பண்ணிருச்சு"ன்னு அவன் வாய்க்குள்ளேயே சொன்னான். அதைக்கூட மெதுவாத்தான் சொன்னான். அவன் வளர்ந்த வளர்ப்பு அப்படி. அவ கண்ணுல மட்டும் தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, சாயங்காலம் வரைக்கும். நான் எதுக்குச் சொல்றேன்னா, அதுக்குப் பெறகு அவ திருந்திட்டா. நல்லாத் திருந்திட்டா. வெங்காயம் நறுக்குனாக்கூட பலகைக்கு அடியில சாக்கை மடிச்சுப் போட்டுக்கிடுவா. ஊரே சொல்லுச்சு, மலைமேகு மருமகளைப் பாரு, மண்ணுல ஊசி விழுற மாதிரி நடக்குறான்னு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

ரயில்வே கேட்டு. போட்டுட்டான். இனி அந்தக் கூட்ஸ் வண்டி போற வரைக்கும் இப்படித்தான். டிரைவரு டீ குடிக்க எறங்கிட்டாரு பாருங்க. இன்ஜின் நின்னதும் எப்படி இருக்கு! இதுதான் தம்பி எங்க ஊரு. இந்த மாதிரித்தான் இருக்கும், நாள் பூராவும்.

கொஞ்சம் கிட்ட வாங்க, இன்னும் மெதுவாச் சொல்றேன். அந்தா முன்னால பொம்பளைக சீட்டுல, ஜன்னலோரம், தலையில முக்காடு போட்டிருக்குல்ல. அதுதான் செல்வக்கனி. பாக்காதீக, பாக்காதீக. நாங்க ரெண்டு பேரும்தான் போறோம் டவுனுக்கு. விசாரணை. அதைப் பின்னால சொல்றேன்.

போன தை மாசம் தம்பி. மெட்ராஸ்ல இருந்து பெரிய அதிகாரி வர்றாரு. எங்க ஊரை முன்மாதிரிப் பறவைக் கிராமம்னு அறிவிக்கப்போறாக. கல்வெட்டு வைப்பாக, ரோடு போடுவாக, இன்னும் என்னென்னமோ சொன்னாக. அதைவிட, சத்தக்காவலுக்கு மேடையில சால்வை. எங்க தாத்தா விளாரோட நடந்த கரையில எனக்குச் சால்வை. தூக்கம் வரலை எனக்கு.

அன்னிக்குக் காலையில கரையில நடக்குறேன், நடுத்திட்டுல ஒரு வலை தொங்குது. நரம்பு வலை. பறவைக்குப் போடுறது. ஒரு அரிவாள்மூக்கன் அதுல மாட்டிச் செத்துத் தொங்குது. போட்டது யாருன்னு தெரியும், சொல்ல மாட்டேன். கறி ருசி கண்ட பய. என் மச்சினன்தான், அது வேற கதை, விடுங்க. இதை அதிகாரி பாத்தா என்ன ஆகும்? ஊர் மானம் போயிரும். சாத்தையா அப்ப அங்கதான் தினக்கூலிக்குக் கன்னு நட்டுக்கிட்டு இருந்தான். கூப்புட்டுச் சொன்னேன், "ஏப்பா, போயி அதை அத்துட்டு வா. தெப்பத்தை எடுக்காதே, துடுப்புச் சத்தத்துல பறவை எந்திரிச்சுரும். தண்ணியை அலம்பாதே. மெல்ல நடந்தே போ"ன்னு. "சரி சித்தப்பா"ன்னு எறங்கிட்டான். மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பழக்கமில்லாத பய.

அதுக்கு முந்துன கோடையில தூர் வாருறேன்னு ஒரு கான்ட்ராக்டர் மிஷினைக் கொண்டுவந்து கண்ட எடத்துலயும் தோண்டி மண்ணை அள்ளிட்டுப் போயிருந்தான். அந்தப் பள்ளத்துல களி. மேல தண்ணி நின்னா தெரியாது. சாத்தையா வலையை அத்துத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்புனவன் அதுல எறங்கிட்டான். கால் ரெண்டும் உள்ள போயிருச்சு. அசைய அசைய இழுக்கும் அந்தக் களி. ஒரு கையில வலை வேற சுத்திக்கிடுச்சு. தண்ணி நெஞ்சு மட்டம்.

இங்க என்னடான்னா கார் வந்துருச்சு. அதிகாரி, கூட நாலு பேரு, கேமராக்காரவுக. எல்லாரும் கரை மேல வரிசையா நிக்குறாக. செங்கால் நாரை ஒண்ணு குஞ்சு வாயில மீனைக் கக்கிக்கிட்டு இருந்துச்சு. அதிகாரிக்கு அப்படியே கண்ணு கலங்கிருச்சு. "வாட் எ சைலன்ஸ்"ன்னாரு. எனக்கு அந்த ஒரு இங்கிலீஷு மட்டும் நல்லாப் புரிஞ்சுச்சு.

அப்பத்தான் பாத்தேன், நடுக்கம்மாயில துண்டு ஆடுது.

இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. அவளுக்குக்கூடத் தெரியாது. சொல்லக் கூடாதுன்னு இல்லை, கேட்டவுக இல்லை. சாத்தையாதான். தலைக்கு மேல துண்டைப் புடிச்சு ஆட்டுறான். பறவைக்குப் பக்கத்துல, அதுவும் செவப்புத் துண்டு! ரெண்டு கூழைக்கடா அதைப் பாத்துட்டுக் கழுத்தை நீட்டுது. அதிகாரி அந்தப் பக்கம் திரும்பிட்டா வலையும் தெரிஞ்சுரும். அதனால நான் அவுகளுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, கையை இப்படிக் காட்டுனேன். இப்படி. தாழ்த்து, தாழ்த்துன்னு.

தாழ்த்திட்டான் தம்பி.

என்ன அப்படிப் பாக்குறீக? நான் சொன்னதைக் கேட்டான்னு சொல்றேன். எத்தனை பேரு கேப்பாக இந்தக் காலத்துல? ஒரு கூப்பாடு போட்டிருந்தா அவன் பொழச்சிருப்பான், கரையில அத்தனை பேரு நின்னோம். போடலையே. கடைசி வரைக்கும் வாயைத் தொறக்கலையே. அவன்தான் எங்க வம்சம். சால்வை எனக்கில்லை, அவனுக்குத்தான் போத்தியிருக்கணும்.

அந்த நேரம் பாத்து இவ வர்றா. சோத்துத் தூக்கோட வந்தவ, அந்தப் பக்கத்துக் கரையில இருந்து அவனைப் பாத்திருக்கா. கரையைச் சுத்தி ஓடி வந்திருக்கா. ஓட்டம்னா சத்தமில்லாத ஓட்டம், செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு. வந்து என் பின்னால நின்னு, காதுக்குள்ள சொல்றா, "மாமா, அவுகளுக்குக் கால் மாட்டிக்கிடுச்சு, தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு, ஆளு விடுங்க"ன்னு. எப்படிச் சொன்னாங்கிறீக? மூச்சு மாதிரி. பக்கத்துல நின்ன கேமராக்காரருக்குக்கூடக் கேக்கலை.

நான் அவளைப் பாத்துக் கண்ணால சொன்னேன், சித்த இருன்னு. அந்த நாரை ரெண்டாவது குஞ்சுக்கு ஊட்டிக்கிட்டு இருக்கு. அதிகாரி மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்குறாரு. அப்பப் போயி நாலு பேரைத் தண்ணிக்குள்ள எறக்குனா, என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க. அவ கையெடுத்துக் கும்புட்டா. நான் தலையாட்டுனேன், இரு இருன்னு. சீலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு நின்னா. அப்பவும் மரியாதை. குறை சொல்லக் கூடாது, அதுவரைக்கும் அவ மேல ஒரு குறையும் இல்லை.

அப்புறம் இளநி வந்துச்சு. அதிகாரி குடிச்சாரு. என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுனாரு, உங்க பேரு என்ன, எத்தனை தலைமுறைன்னு. சொன்னேன். அவுக கார்ப் பக்கம் நடக்க ஆரம்பிச்சதும் நான் திரும்பி, "ம், இப்பப் போங்கப்பா, ஓடுங்க"ன்னு கன்னு நடுற ஆளுகளுக்குக் கையைக் காட்டுனேன். திரும்பிப் பாத்தா, துண்டைக் காணோம். ஆளையும் காணோம். தண்ணி அலுங்கலை.

அப்பப் போட்டா ஒரு கூப்பாடு.

தம்பி, அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்லுவேன்? வேம்பாரு அலையெல்லாம் அதுல இருந்துச்சு. கம்மாயே எந்திரிச்ச மாதிரி எந்திரிச்சுச்சு பறவை. ஆயிரம், ரெண்டாயிரம், வானம் இருட்டிப்போச்சு. எந்திரிச்ச வேகத்துல முட்டையெல்லாம் கீழ விழுது, பொத்துப் பொத்துன்னு. றெக்கை மொளைக்காத குஞ்சு கூட்டுல இருந்து தண்ணிக்குள்ள விழுது. காக்காயும் பருந்தும் எங்க இருந்துதான் வந்துச்சோ. அதிகாரி கார்ப் பக்கத்துலயே வாயைப் பொத்திக்கிட்டு நின்னாரு. இவ நிறுத்தலை. தண்ணியில எறங்கிக்கிட்டே கத்துறா, கத்திக்கிட்டே எறங்குறா. நான் என்னன்னு சொல்ல? "போதும்த்தா, போதும்த்தா"ன்னு பின்னாலயே போறேன். கேக்கவே இல்லை.

கேட்டைத் தொறந்துட்டான். டிரைவரு வந்துட்டாரு. அப்பாடா.

அன்னிக்குப் போனதுதான் தம்பி. மறுநாள் கொஞ்சம் வந்து மரத்தைச் சுத்துச்சு, உக்காரலை. நாளு போகப் போக ஒண்ணுமில்லை. இந்த வருசம் ஐப்பசி வந்துச்சு, கார்த்திகை வந்துச்சு, இந்தா மார்கழி. கல்வெட்டு வேற ஊருக்குப் போயிருச்சு. அங்க என்ன பறவை வருது? காக்காய் வருது.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். செத்தவன் செத்துட்டான். அவ கத்துனா வந்துருவானா? வீட்டுக்குள்ள போயி, கதவைச் சாத்திக்கிட்டு, தலையணையில மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுதிருக்கலாம்ல? எங்கம்மாவுக்கு நான் பங்குனி வரைக்கும் பொறுக்கலையா?

ஊரு அவ மேல ஆத்தரத்துல இருந்துச்சு. வாய்க்கட்டுப் போடணும்னாக. நான்தான் வேண்டாம்னேன், புருசனைப் பறிகொடுத்தவ. போடவும் அவசியம் இல்லாமப் போச்சு. அன்னிக்குக் கத்துனதோட சரி, அதுக்கப்புறம் அவ பேசவே இல்லை. ஒரு வார்த்தை இல்லை. கேட்டாத் தலையை ஆட்டுவா, இல்லைன்னா அதுவும் இல்லை. தான் பண்ணுனதை நெனச்சு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கா, எனக்குத் தெரியும்.

பங்குனி கழிஞ்சும் சாத்தையாவுக்கு இன்னும் அழலை. பறவைதான் போயிருச்சே, இப்பவே அழுதுரலாம்னு பொம்பளைக வந்து கேட்டாக. நான்தான் விடலை. திரும்பி வரும், அமைதியா இருந்தா கண்டிப்பாத் திரும்பி வரும், அதுக்குள்ள அழுது கெடுத்துறாதீகன்னு சொல்லி வச்சிருக்கேன்.

விசாரணையா? ஆமா, அதுக்குத்தான் போறோம். இவ அண்ணன்மாரு வேம்பாருல இருந்து வந்து மனுப் போட்டுட்டாக, தங்கச்சி புருசனைச் சாக விட்டுட்டாகன்னு. போட்டு என்ன? பாத்த சாட்சி வேணும்ல. ஊர்ல ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான், அதுதானே எங்க ஊரு. அன்னிக்கு வந்த அதிகாரிகளும், நாங்க பறவையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்னு எழுதிக் குடுத்துட்டாக. மிச்சம் இவ ஒருத்தி. இவளோ பேச மாட்டா. அதனால சொந்தக்காரன்கிற முறையில நான் கூடப் போறேன். சாத்தையா மீன் புடிக்கத் தானா எறங்கினான், யாரும் பாக்கலைன்னு நான் சொல்லுவேன். இவ தலையை ஆட்டுனாப் போதும். பொய்யில்லை தம்பி, கம்மாய்க்குள்ள எறங்குனா மீன் இருக்கத்தானே செய்யும். இது முடிஞ்சாத்தான் எனக்கு இந்தச் சட்டை நிக்கும். சட்டை போனா ஊருக்குக் காவல் யாரு? காவல் இல்லாம பறவை எப்படி வரும்?

நீங்களும் பறவை படிப்புப் படிச்சவுக. ஆபீஸர் யாரையாவது பாத்தா ஒரு வார்த்தை சொல்லுங்க, ஊரு அமைதியா இருந்தா திரும்பி வரும்னு. வரும்ல?

ஏத்தா, என்ன இங்கிட்டு வர்ற? ஆபீஸ் ஸ்டாப்பு இன்னும் ஒண்ணு தள்ளி. கம்பியைப் புடி, விழுந்துராதே. போயி உன் சீட்டுல உக்காரு, வந்ததும் நான் சொல்றேன்.

"துண்டைப் பாத்தியளா மாமா?"

தம்பி, பேசுது. பேசுது பாருங்க! ஏத்தா, மெதுவா, மெதுவா. பஸ்ஸு பூராம் திரும்பிப் பாக்குது. என்ன துண்டு, எந்தத் துண்டு? நாங்க ரெண்டு பேரும் சும்மாப் பேசிக்கிட்டு வர்றோம்.

"அவுக துண்டை ஆட்டுனதைப் பாத்தியளா? பாத்துட்டுத் தாழ்த்தச் சொன்னியளா?"

இது என்ன கேள்வி, ஓடுற பஸ்ஸுல வச்சு? மருமக மாமனாரைக் கேக்குற கேள்வியா இது? கண்டக்டரே, ஒண்ணுமில்லை, நீங்க அங்கிட்டுப் பாருங்க. இது வீட்டு விசயம். அதுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லை.

"தம்பி, ஒங்களைத்தான். ரயில்கேட்டுல வண்டி நின்னப்ப இவுக பேசுனது எனக்குக் கேட்டுது. ஒங்களுக்கும் கேட்டுதா?"

கேக்கலை, அவருக்கு ஒண்ணும் கேக்கலை. நான் எப்பவும் மெதுவாத்தான் பேசுவேன். சொல்லுங்க தம்பி, கேக்கலைன்னு சொல்லுங்க. தலையாட்டாதீக. ஆமான்னு ஆட்டாதீக.

"எங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டாவ. நீங்க எங்க ஊரு இல்ல. எங்கூட எறங்கி, விசாரிக்கிற ஆபீஸர் முன்னால, இவுக வாயால சொன்னதை மட்டும் சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். என்னைப் பாத்துப் பரிதாவப்பட வேண்டாம். கேட்டதைச் சொல்லுங்க, போதும்."

அவருக்கு வேற வேலை இல்லையா? அவரு டிக்கெட்டு இன்னும் தூரத்துக்கு எடுத்திருக்காரு. தம்பி, நீங்க உக்காருங்க, எந்திரிக்காதீக. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? படிச்ச புள்ளை, கோர்ட்டு ஆபீஸுன்னு அலைய வேண்டியிருக்கும், வேலைக்குப் போற காலத்துல. பையை எதுக்கு எடுக்குறீக? நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? பறவை ஏன் வரலைன்னு கேட்டீக, அதைத்தானே சொன்னேன்? மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் நான் சொன்னது பூராம் பறவையைப் பத்தித்தானே?

ஏத்தா செல்வக்கனி, நில்லு. தம்பி! தம்பி, நில்லுங்க! இந்தா, இங்க பாருங்க!

ஆபீஸ் ஸ்டாப்பு வந்துருச்சு, எறங்கிட்டாகளே. ரெண்டு பேரும் எறங்கிட்டாக. கண்டக்டரே, என்ன பாத்துக்கிட்டு நிக்குறீக, விசிலைக் குடுங்க, வண்டியை எடுக்கச் சொல்லுங்க.

இல்லை, நிறுத்துங்க. நிறுத்துங்க. நானும் இங்கதான் எறங்கணும்.